கல்வியும் கைப்பொருளும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியைப் போற்றிய நம் முன்னோர் பொருளை மறந்தாரல்லர். மிகுந்த பொருள் கொடுத்தேனும் கற்க என்கிறான் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், புறநானூற்றின் 183ஆம் பாடலில். இரந்து உண்ண நேரினும் கற்பதே நன்று என்கிறார் அதிவீரராம பாண்டியர், வெற்றிவேற்கையில். இருவரும் அரசர்கள். உள்ளவன் கொடுத்துக் கற்கலாம்; இல்லாதவன் இரந்து கற்கலாம். தான் கற்கப் போனால் தம்பிக்குக் கஞ்சியில்லை என்னும் நிலையிலுள்ள பிள்ளை என்ன செய்யும்?

சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் நன்கு பயின்ற மாணவி ஒருத்தி திடீரென்று வராமல் நின்றுவிட்டாள். கட்டணத்தை நானே செலுத்திவிடலாம் என்றெண்ணி அவள் வீடு தேடிச் சென்றேன். அவளுடைய தாய் சொன்னார்: "பீசை நீங்க கட்டிருவீங்கம்மா. இவ மில்லுக்குப் போயிக் கொண்டார காசுக்கு நான் எங்க போவேன்?"

விடை கூற இயலாமல் திரும்பினேன். கற்ற பிள்ளையின்பால் தாயின் மனமும் சாயும் என்கிறது அதே புறப்பாடல். இத்தாயின் மனமும் சாய்ந்தே இருந்தது, அடுப்புத்தான் இடந்தரவில்லை.

கல்வியின் விலை கட்டணத்தோடு முடிவதில்லை. பசியும் விலை, பிள்ளை ஈட்டாமல் விடும் கூலியும் விலை. முதலாவதைத் தமிழகம் முன்னரே உணர்ந்தது. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசரால் மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பை இடையிலே விட்டவர் அவர். 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022இல் காலை உணவும் வந்தது. பள்ளியில் உண்ணும் பிள்ளை வீட்டுக்கு ஒருவேளைச் சுமையைக் குறைக்கிறது.

இரண்டாம் விலையை நாம் உணர்ந்தது அண்மையில்தான். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. பஞ்சாலைக் கூலிக்கு அத்தொகை ஈடாகாது. எனினும் திசை சரியானது.

அவையோரே! நம் போட்டிகளில் பரிசு பெற மேடையேறும் பிள்ளைகளைப் போற்றுகிறோம். மேடைக்கே வர இயலாதவரையும் தேடுதல் வேண்டும். பதினோராம் ஆண்டில் ஒரு மாணவிக்கேனும், அவள் வீடு இழக்கும் கூலியில் ஒரு பகுதியை இவ்வட்டம் ஏற்குமாயின், அந்தத் தாயின் வினாவுக்கு என்னால் அன்று கூற இயலாத விடையை நாம் அனைவரும் கூறியவராவோம்.