மனநோய்க்கும் மருந்துண்டு



காய்ச்சலுற்ற பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நாம் தயங்குவதில்லை. உறக்கமிழந்து, உணவை வெறுத்து, அறைக்குள் ஒடுங்கும் பிள்ளையை மட்டும் ‘நாளடைவில் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுகிறோம்.

அப்பிள்ளை தானாகவே மருத்துவம் நாடினாலும் கட்டணம் குறுக்கே நிற்கிறது. மனநல ஆலோசனை ஒரே நாளில் முடிவதன்று. வாரந்தோறும் தொடர வேண்டுவது. புதிதாய் வேலைக்குச் சென்றவர் வாடகையும் கல்விக்கடனும் கட்டியபின் கையில் எஞ்சுவது சிறிதே. வீட்டில் கேட்கவும் நாணம். ஆகவே இரண்டு அமர்வுகளோடு நிறுத்திவிடுகிறார், நோயோ நிற்பதில்லை.

காப்பீடு உதவாதா எனலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வழங்கப் பணிக்கிறது. ஆயினும் பெரும்பாலான காப்பீடுகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியவை. இளைஞர்க்குப் பெரிதும் வேண்டுவதோ சென்று திரும்பும் புறநோயாளர் சிகிச்சை. சட்டம் திறந்த கதவு இங்கே பாதி மூடிக் கிடக்கிறது.

கட்டணமில்லா வழிகளும் உள. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன.

நால்வகைத் தானங்களுள் ஒன்று ஔடத தானம். ஓர் இளைஞரின் ஆலோசனைக் கட்டணத்தை, அவர் பெயர் வெளிவராமல் ஏற்பதும் அத்தானமே. அதற்கும் முன்னதாக, வீட்டில் ‘உனக்கு என்ன வருத்தம்?’ என்று கனிவோடு கேளுங்கள். அதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை.