அபராதம் கட்டுவதா? மறுப்பதா?

(கொல்லிமலை செம்மேட்டில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மோட்டார் வண்டிகளுக்கு விதிக்கும் அபராதத்தைப் பற்றியாகும். "இது வக்கீல்கள் பேசவேண்டிய சங்கதியாயிற்றே, உமக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். ஒரு மனிதன் தன்மீது சுமத்தப்பட்ட குற்றம் உண்மையா பொய்யா என்று ஆராய்ந்து, உண்மையானால் ஒப்புக்கொள்ளவும், பொய்யானால் மறுக்கவும் கற்றுக்கொள்வது பகுத்தறிவு வேலையல்லாமல் வேறென்ன வேலை என்று கேட்கிறேன்.

நம் ஜனங்கள் அபராதம் வந்தால் என்ன செய்கிறார்கள்? ஒருவர், "இன்றைக்கு யார் முகத்தில் விழித்தேனோ, எல்லாம் தலைவிதி" என்று கட்டிவிடுகிறார். மற்றொருவர், ரசீது இல்லாமல் பாதிப் பணத்தைக் கைக்குள் வைத்துவிட்டு, சாமர்த்தியமாய்த் தப்பித்ததாகப் பெருமை பேசுகிறார். மூன்றாமவர், டீக்கடையில் ஒரு மணிநேரம் சத்தம் போட்டுவிட்டு, வந்த நோட்டீசைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த மூவரில் ஒருவராவது "நான் அந்தக் குற்றத்தைச் செய்தேனா, இல்லையா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டதுண்டா? அதுதானே முதல் கேள்வி?

எனக்கு வந்த இரண்டு அபராதங்கள்

என் சங்கதியையே சொல்லுகிறேன். முதல் தடவை நான் ஹெல்மெட் இல்லாமல் மலையிறங்கிப் போனபோது பிடிபட்டேன். ஆயிரம் ரூபாய் என்றார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "ஊரில் எல்லோரும்தான் அப்படிப் போகிறார்கள், என்னை மட்டும் பிடிப்பானேன்?" என்று வாதாடினேன். வீட்டுக்கு வந்து நிதானமாய் யோசித்தேன். பத்துப் பேர் செய்கிற குற்றத்தை நானும் செய்தால் அது குற்றமில்லாமல் போய்விடுமா? எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் விழுந்தால் உடைவது என் மண்டைதானே? வண்டிச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைக்க மறக்காத நாம், தலைக்குக் கவசம் வைக்க மறந்துபோகிறோமே, இது என்ன புத்தி? ஆதலால் அபராதத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டேன்.

சுயமரியாதை என்றால் ஒருவருக்கும் அபராதம் கட்டாமலிருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். செய்த தப்பை ஒப்புக்கொள்ளுவதும் சுயமரியாதைதான்.

இரண்டாவது அபராதம் செல்போனில் வந்தது. நான் போகாத ஊரில், என் வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் ஒருவர் போனதாக ஆயிரம் ரூபாய் போட்டிருந்தது. அன்று நான் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்கிக்கொண்டிருந்தேன். சர்க்கார் தளத்தில் படத்தைத் திறந்து பார்த்தால், அது வேறொருவருடைய சிவப்பு வண்டி, என்னுடையதோ கறுப்பு. கடைசி எண் 3 என்பதை 8 என்று யாரோ படித்துவிட்டார்கள். நண்பர் ஒருவர், "போய்வரப் பஸ் செலவு, ஒரு நாள் கூலி, அதற்கு இந்த ஆயிரத்தைக் கட்டிவிட்டுப் போமே!" என்றார்.

தோழர்களே! அவர் சொன்ன கணக்கு தப்பல்ல. எனக்கு இரண்டு நாள் போயிற்று. முதல் நாள் பார்க்கவேண்டிய அதிகாரி இல்லை. இரண்டாம் நாள் படத்தையும், வண்டியின் பதிவுச் சான்றையும், எழுதின மனுவையும் கொடுத்தேன். பார்த்தவுடனே தப்பென்று ஒப்புக்கொண்டு நீக்கிவிட்டார்கள். பணக் கணக்கில் எனக்கு லாபமில்லை என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் ஏன் போனேன்? கட்டினால் செய்யாத குற்றத்தைச் செய்ததாக நானே ஒப்புக்கொண்டதாகும். அது என் பேரில் ஏறி நிற்கும். ஹெல்மெட் குற்றத்துக்கு மூன்று மாதம் லைசென்சை நிறுத்திவைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அன்றியும் அந்தச் சிவப்பு வண்டிக்காரர் செய்யும் தப்புக்கெல்லாம் மேலும் மேலும் நானே அழவேண்டியிருக்கும்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

இந்த நாட்டில் மோட்டார் சட்டம் 1914-இல் வந்தது. பிறகு 1939-இல் ஒன்று. இப்போதிருப்பது 1988-ஆம் வருஷத்துச் சட்டம். அதை 2019-இல் திருத்தி அபராதங்களை உயர்த்தினார்கள். நம் மாகாணத்தில் 2022 அக்டோபரில் அந்த உயர்வு அமுலுக்கு வந்து, நூறு ரூபாயாயிருந்த ஹெல்மெட் அபராதம் ஆயிரமாயிற்று. நூறு ரூபாய் தப்பாய் வந்தால் தொலையட்டும் என்று விட்டவர்கூட, ஆயிரம் வந்தால் யோசிக்கத்தானே வேண்டும்?

காமிராவைக் கொண்டு அபராதம் போடுவதற்கு 2021 ஆகஸ்டில் 167-ஏ என்று ஒரு விதி செய்தார்கள். குற்றமும் வண்டி எண்ணும் தெளிவாய்த் தெரியும் படம், நாள், நேரம், இடம் இவ்வளவும் அதில் இருக்கவேண்டுமென்று அந்த விதி சொல்லுகிறது. ஆகவே ருசுவைக் காட்டு என்று கேட்பது அதிகப்பிரசங்கமல்ல. 2018 நவம்பரில் செய்த திருத்தப்படி, லைசென்சு முதலியவற்றை டிஜிலாக்கர் மூலம் செல்போனில் காட்டினாலும் செல்லும். இது தெரியாததால் காகிதத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் வீணாய்ப் பயப்படுகிறார்.

இன்னொன்றை முக்கியமாய் மனதில் வையுங்கள். அபராதத்தைக் கட்டிவிட்டால் விவகாரம் அதோடு தீர்ந்ததாகும். "கட்டிவிட்டுப் பிறகு வழக்காடலாம்" என்பது நடவாத காரியம். மறுப்பதானால் கட்டுவதற்கு முன்பே, குறித்த காலத்துக்குள் எழுத்தில் மறுக்கவேண்டும். அதிகாரி ஒப்பாவிட்டால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டிலே சொல்லிக்கொள்ளலாம். ஒன்றும் செய்யாமல் சும்மாயிருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பின்னால் வண்டியை விற்கப்போகும்போது அந்தப் பாக்கி எழுந்து நிற்கும்.

கேள்வி கேட்ட ஒருவர்

அமெரிக்காவில் ஓரிகன் மாகாணத்திலுள்ள பீவர்ட்டன் என்ற ஊரில், 2013-இல் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ராம் என்பவருடைய மனைவிக்கு, சிவப்பு விளக்கைத் தாண்டியதாகக் காமிரா மூலம் அபராதம் வந்தது. அவர் "விதி" என்று உட்காரவில்லை. மஞ்சள் விளக்கு எத்தனை நேரம் எரியவேண்டும் என்பதற்கு வைத்திருக்கும் கணக்கையே எடுத்துப் பார்த்தார். நேரே போகும் வண்டிக்கு அந்தக் கணக்கு சரி. வேகத்தைக் குறைத்துத் திரும்பும் வண்டிக்கு நேரம் போதாது என்று கண்டு சொன்னார். அதற்கு என்ன கிடைத்தது தெரியுமா? "லைசென்சு இல்லாமல் என்ஜினீயர் வேலை பார்த்தாய்" என்று அந்த மாகாணத்து என்ஜினீயர் வாரியம் அவருக்கே 500 டாலர் அபராதம் போட்டது! அதன்மேல் அவர் 2017-இல் கோர்ட்டுக்குப் போனார். 2018 டிசம்பரில் ஜெயித்தார். 2020-இல் போக்குவரத்து என்ஜினீயர்களின் சங்கமே அந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டது. லைசென்சு பெற்றவர்கள் பல வருஷமாய்ப் பார்த்த கணக்கில் லைசென்சு இல்லாத ஒருவர் குறை கண்டார் என்றால், கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு இல்லை?

செலவைப் பற்றி

"மலையிலிருக்கும் எங்களுக்கு வக்கீல் எங்கே, பணம் எங்கே?" என்று கேட்பீர்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் சட்டப்படி, பழங்குடியினருக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பெண்களுக்கும் இலவசமாய் வக்கீல் உதவி கிடைக்கும். வருமானம் எவ்வளவு என்ற கேள்விகூட இவர்களுக்கு இல்லை. இந்த மலையில் பெரும்பாலோராகிய மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலிலேயே இருக்கிறார்கள். நாமக்கல்லில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இருப்பதைக் கேட்டு வாங்காதது யார் குற்றம்?

செல்போனில் வரும் எல்லா அபராதமும் உண்மை அபராதமுமல்ல. "இதை அழுத்து, படம் தெரியும்" என்று வாட்ஸப்பில் அனுப்பி, பாங்கிப் பணத்தைத் துடைத்துக்கொண்டு போகும் திருடர்கள் பெருகியிருக்கிறார்கள். வந்த இடத்தில் அழுத்தாதீர்கள். சர்க்காரின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். தெரியாவிட்டால் படித்த பிள்ளைகளைக் கொண்டு பாருங்கள்.

ஆகவே தோழர்களே! அபராதம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். நான் செய்தேனா? செய்யவில்லையென்று காட்ட என்னிடம் என்ன ருசு இருக்கிறது? மறுப்பதற்கு ஆகும் செலவை என்னால் தாங்க முடியுமா? முதல் கேள்விக்கு "ஆம்" என்றால் மறுபேச்சில்லாமல் கட்டி ரசீது வாங்குங்கள். "இல்லை" என்றால் ருசுவோடு எழுதிக் கொடுங்கள். தினக்கூலியை விட்டால் அடுப்பெரியாது என்ற நிலையிலுள்ளவர் கட்டிவிட்டால் அவரை நான் கோழை என்று சொல்லமாட்டேன். போகமுடிந்தவர்கள் போகவேண்டும், போகிறவர் இரண்டு பேருடைய மனுவையும் சேர்த்தெழுத உதவவேண்டும்.

இந்த மலையை ஆண்ட ஓரி, கேட்டவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்தான் என்கிறார்கள். கொடுக்கட்டும், அவன் அரசன். நாம் உழைத்துச் சம்பாதிக்கிறவர்கள். நியாயமாய்க் கேட்டால் கொடுப்போம், தப்பாய்க் கேட்டால் "எதற்கு?" என்று கேட்போம். நான் சொன்னதிலும் சந்தேகமிருந்தால் இப்போதே எழுந்து கேளுங்கள்; பதில் சொல்லிவிட்டே மலையிறங்குவேன்.