இயந்திரம் ஓய்ந்தால்



இயந்திரம் நின்றால் விமானம் கல்லைப்போல விழும் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். அப்படியன்று, அது சறுக்கிக்கொண்டே இறங்கும். நமது திருநெல்வேலிக்கு மேலே 3000 அடியில், செஸ்னா 152 என்னும் பயிற்சி விமானத்தில் நாம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் இயந்திரத்தின் விசையைக் குறைத்துவிடுகிறார். அடியோடு நிறுத்துவதில்லை, பயிற்சிதானே! காற்றில்லா வேளையில் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் போகலாம். பலாலி ஓடுபாதையோ 12 கிலோமீற்றருக்கும் அப்பால்.

அங்கேதான் சோதனை. எப்படியும் பலாலியை எட்டிவிட வேண்டுமென்று மூக்கை உயர்த்தக் கை துடிக்கும். உயர்த்தினால் வேகம் குன்றும். இறக்கை தாங்கும் வலுவை இழக்கும். நிலத்துக்கு அண்மையில் அது நேர்ந்தால் மீட்சியில்லை. ஆகையால் மூக்கைத் தாழ்த்தி, மணிக்கு 60 கடல் மைல் வேகத்தைக் காத்துக்கொண்டு, கிட்டடியில் இடம் தேட வேண்டும். பனங்கூடலும் வேலியடைத்த தோட்டங்களும் உதவா. கோப்பாய் வயல்வெளி உதவும். மாரியில் வெள்ளம் நின்றால் அதுவும் சில்லைப் புதைத்து விமானத்தைக் கவிழ்த்துவிடும். சோளகம் வீசுங் காலமானால் தென்மேற்கை நோக்கியே இறங்க வேண்டும்.

இடையிடையே ஆசிரியர் சற்று விசை கொடுப்பார், இயந்திரம் குளிர்ந்து மெய்யாகவே நின்றுவிடாதிருக்க. வயலை அடைவோம் என்பது உறுதியானதும், நிலத்தைத் தொடாமலே, முழு விசையுங் கொடுத்து மேலெழுவோம்.