பழைய லேண்ட் க்ரூஸருக்கு மஸ்கட்டில் பட்டை தேடிய கதை

(நம் சமூகக் கூடத்தில் மாதந்தோறும் நடக்கும் ஞாயிறு மாலைப் பேச்சில், பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

அறிவிப்புப் பலகையில் தலைப்பைப் பார்த்துவிட்டு லிஃப்டில் ஒருவர் என்னிடம், "சார், பட்டைன்னா கிராம்பு பட்டையா?" என்று கேட்டார். இல்லை. லாரிக்கு அடியில், சக்கரத்துக்கு மேலே, வில் மாதிரி வளைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்குமே, அந்த லீஃப் ஸ்பிரிங்கைத்தான் நம் மெக்கானிக்குகள் பட்டை என்பார்கள்.

இதைப் பேசக் காரணம் டி பிளாக் அம்மா ஒருவர். அவர் மகன் மஸ்கட்டில் பழைய லேண்ட் க்ரூஸர் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறான். பட்டை போய்விட்டது, எங்கேயும் கிடைக்கவில்லை என்கிறானாம். "நீங்க அங்கே இருந்தவர்தானே, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். செயலாளர் காதில் அது விழுந்தது. தண்ணீர் லாரிக் கணக்கும் பராமரிப்புக் கட்டணமும் இல்லாமல் ஒரு மாதமாவது பேச்சு நடக்கட்டும் என்று என்னை நிறுத்திவிட்டார்.

நான் 19 வருடம் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பில்லிங் பிரிவில் இருந்தேன். ஊர் திரும்பிய ஒரு நண்பரிடமிருந்து 1989ஆம் வருட லேண்ட் க்ரூஸர் வாங்கினேன். 60 வரிசை என்பார்கள், 1980 முதல் 1990 வரை வந்தது. நாலு சக்கரத்துக்கும் பட்டைதான். அதற்கு அடுத்து வந்த 80 வரிசையில் டொயோட்டா காயில் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டது. சிக்கலுக்கு மூலம் அதுதான். வண்டி உழைக்கும், இன்ஜின் ஓடும், ஆனால் அந்த அமைப்போடு கம்பெனி அடுத்த தலைமுறையைச் செய்யவில்லை.

2007 ஜூனில் ஓமானில் கோனு புயல் அடித்தது. மஸ்கட்டிலேயே பல சாலைகளை வெள்ளம் அறுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு பல நாள் கரடுமுரடான மாற்றுப்பாதையில்தான் ஓட்டம். மேலே சீராகத் தெரியும் கப்பிச் சாலையில் துவைக்கும் பலகை மாதிரி வரிவரியாக மேடு பள்ளம் இருக்கும். ஒரு பெரிய குழியைவிட, நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு வரும் அந்தச் சின்ன வரிகள்தான் பட்டையைக் கொல்லும். முல்கியா புதுப்பிக்க, அதாவது அங்கே ஆர்சி புக் மாதிரியான அட்டையைப் புதுப்பிக்க, வண்டியைப் பரிசோதனைக்குத் தயார் செய்தோம். மேலே தூக்கிப் பார்த்தபோது முன்பக்கம் இடது மெயின் பட்டையில், கண்ணுக்கு ஒரு சாண் தள்ளி, முடி இழை மாதிரி ஒரு விரிசல்.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று தோன்றும். காயில் ஸ்பிரிங் வண்டியில் ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்துவைக்கத் தனியாகக் கைகள் இருக்கும். பட்டை வண்டியில் இரண்டு வேலையையும் பட்டையே செய்கிறது. மெயின் பட்டையின் இரண்டு முனையிலும் சுருட்டிவிட்ட கண் இருக்கும். ஒரு கண் சேஸிஸில் நேராகப் பொருந்தும், இன்னொன்று சாக்கிள் வழியாக ஆடும். அந்த ஒற்றைப் பட்டைதான் முன் ஆக்சிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது முறிந்தால் ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் போகும், ஸ்டீயரிங் தானாக இழுக்கும். ஊருக்குள் நடந்தால் ஓரமாக நிறுத்தலாம். நாங்கள் போக நினைத்திருந்தது அல் ஹம்ராவிலிருந்து கணவாய் ஏறி, பலாத் சைத் கிராமம் வழியாக வாதி பனி அவ்ஃபில் இறங்கி ருஸ்தாக் போகும் மலைப்பாதை. ஒரு பக்கம் பாறைச்சுவர், இன்னொரு பக்கம் வெறும் காற்று.

என் மனைவி அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு, "என்னங்க, அது சரியாகிற வரைக்கும் பிள்ளைங்கள இதுல ஏத்த மாட்டேன். வித்துட்டாலும் சரிதான்" என்றாள். ஆக, பட்டை கிடைக்காவிட்டால் வண்டி போய்விடும் என்பது முடிவாகிவிட்டது.

முதலில் ஷோரூம் உதிரிபாகக் கவுன்டர். இங்கே ஒரு விஷயம் உபயோகமானது. டொயோட்டா பாக எண்ணில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பொருள் என்று சொல்லும். 48110 என்று ஆரம்பித்தால் முன் பட்டைக்கட்டு, 48210 என்றால் பின் பட்டைக்கட்டு. அடுத்த ஐந்து இலக்கம் எந்த வண்டி, எந்த வகை என்பது. பழைய எண்ணை நிறுத்திவிட்டு வேறு எண்ணை அதற்குப் பதிலாகக் கொடுத்திருப்பார்கள். அதனால் "இந்த எண் இல்லை" என்று கவுன்டரில் சொன்னால், "இதற்குப் பதில் எண் உண்டா?" என்று இரண்டாவது கேள்வியைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். எனக்குப் பதில் எண்ணும் இருப்பில் இல்லை. ஜப்பானிலிருந்து வரவழைக்கலாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

அடுத்து வாதி கபீர். மஸ்கட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், தெருத் தெருவாக ஒர்க்ஷாப்பும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும். அங்கே லீஃப் ஸ்பிரிங் என்றாலும் புரியும், ஆனால் "கமானி" என்று கேட்டால்தான் சரியான ஆளிடம் அனுப்புவார்கள். உருதுவிலும் இந்தியிலும் பட்டைக்கு அதுதான் பெயர். அந்த வேலையில் இருப்பவர்களில் பலர் பாகிஸ்தானியர்கள். எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே பதில்: "70 வரிசை பிக்கப்போட கமானி இருக்கு சாப், ஃபிட் ஆயிடும்." அந்த பிக்கப் அங்கே எங்கு பார்த்தாலும் ஓடும், அதனால் அதன் பட்டை கடையில் எப்போதும் இருக்கும். இருப்பதை விற்கத்தான் கடைக்காரர் பார்ப்பார், அதில் குற்றம் இல்லை. ஆனால் பொருந்துமா என்பதை வண்டியின் பெயர் முடிவு செய்யாது, அளவுதான் முடிவு செய்யும்.

அளவு எடுப்பது எப்படி என்று அந்தப் பையனுக்கு நான் அனுப்பியதை உங்களுக்கும் சொல்கிறேன். வளையும் இரும்பு டேப் வேண்டும். பட்டையின் வளைவோடு ஒட்டி, முன் கண்ணின் நடுவிலிருந்து சென்டர் போல்ட் வரை ஓர் அளவு, அங்கிருந்து பின் கண்ணின் நடு வரை இன்னோர் அளவு. இரண்டையும் கூட்டி மொத்த நீளம் மட்டும் சொன்னால் போதாது. பல வண்டிகளில் இரண்டு பாதியும் சமமாக இருக்காது. மொத்தம் சரியாக இருந்து சென்டர் போல்ட் தள்ளியிருந்தால், ஆக்சில் அந்த அளவுக்கு முன்னாலோ பின்னாலோ போய் உட்காரும். அகலம் 60 வரிசையில் 70 மில்லிமீட்டர். பிறகு கண்ணின் உள்விட்டம், புஷ், பின் இவற்றின் அளவு, எத்தனை பட்டை, ஒவ்வொன்றின் கனம். இதெல்லாம் ஒரு தாளில், படத்தோடு. இடது வலது தனித்தனியாக. சில வண்டிகளில் டிரைவர் பக்கமும் பெட்ரோல் டேங்க் பக்கமும் எடை கூடுதல் என்பதால் கம்பெனியே இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு பட்டை போட்டிருக்கும்.

அந்தத் தாள் கையில் வந்த பிறகு கடைக்காரர்கள் என்னிடம் பேசும் விதமே மாறிவிட்டது. "ஃபிட் ஆயிடும்" போய், "இருங்க, அளந்து பாக்கலாம்" என்று வந்தது.

ஒரு வார இறுதியில் ஷார்ஜாவுக்கும் போய் வந்தேன். இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் உடைத்து விற்கும் பழைய பாகங்கள் மலைமலையாகக் கிடக்கும், ஸ்க்ராப் என்பார்கள். 60 வரிசைப் பட்டைகளும் கிடைத்தன. நான் வாங்கவில்லை. அவையும் என் பட்டையின் வயசு. எத்தனை லட்சம் தடவை வளைந்து நிமிர்ந்தன என்று யாருக்கும் தெரியாது. உலோகக் களைப்பு கண்ணுக்குத் தெரியாது. சாக்கிள், பிராக்கெட், அடித்தட்டு போன்றவற்றுக்கு ஸ்க்ராப் நல்ல இடம். பட்டைக்கு இல்லை என்பது என் தீர்மானம்.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று வாதி கபீரிலேயே ஒரு பெஷாவர்க்காரப் பெரியவர். வளைவு போன பட்டையைத் திரும்ப வளைத்துத் தருவார், முறிந்த ஒரு பட்டைக்கு மட்டும் வேறு வெட்டிப் போடுவார். நம்மூரில் லாரி நிற்கும் எந்த நெடுஞ்சாலையிலும் இந்த வேலை நடக்கும். திறமையான வேலைதான். ஆனால் ஸ்பிரிங் எஃகுக்கு அதன் குணம் வருவது வளைவால் அல்ல, வெப்பத்தால். 850 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி எண்ணெயில் குளிர்வித்து, பிறகு 500 டிகிரியை ஒட்டித் திரும்பச் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். முதல் சூடு மட்டும் கொடுத்து நிறுத்தினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அடுப்பில் காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவிட்டால் மெத்தென்று ஆகி மூன்று மாதத்தில் படுத்துவிடும். பச்சையாகச் சுத்தியலால் அடித்து வளைத்தாலும் கொஞ்ச நாளில் பழையபடி தொய்யும்.

அந்தப் பெரியவர் நேர்மையானவர். என் விரிசலைப் பார்த்துவிட்டு, "பின்பக்கம், நடுப் பட்டைன்னா நான் செஞ்சு தருவேன் சாப். முன்பக்கம் மெயின் பட்டை, அதுவும் மலைக்குன்னா, புதுசு போடுங்க" என்றார். வெல்டிங் வைக்கலாமா என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டதற்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டையில் வெல்டிங் வைத்தால் பதம் போய், வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே முறியும்.

இதற்கிடையில் சென்னையில் என் மச்சான் புதுப்பேட்டை முழுக்க அலைந்து, "மாமா, சாம்பிள் குடுத்தா இங்கேயே அடிச்சுத் தருவாங்க, யார்கிட்டயாவது குடுத்து விடுறேன்" என்றான். ஒரு பட்டைக்கட்டு 20 கிலோவுக்கு மேல். ஊறுகாய், முறுக்கு எல்லாம் வேண்டாம், இரும்பு எடுத்துவாருங்கள் என்று எந்தப் பயணியிடம் சொல்வது?

இன்னொரு வழி ஆஸ்திரேலியா. ஜப்பானிய வண்டிக்கு ஏன் ஆஸ்திரேலியா என்றால், 1950களின் கடைசியில் ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்துக்காக லேண்ட் க்ரூஸர் அங்கே போனது. அன்றிலிருந்து அந்த நாட்டின் பண்ணைகளும் சுரங்கங்களும் அதை விடவில்லை. அதனால் கம்பெனி கைவிட்ட மாடலுக்கும் பட்டை செய்து விற்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஓல்ட் மேன் ஈமு, டாபின்சன்ஸ் என்பவை பரவலாகத் தெரிந்த பெயர்கள். என் தாளை அனுப்பினேன். பதிலுக்கு அவர்கள் கேட்ட முதல் கேள்வி வண்டியின் வருடம் இல்லை. "எப்போதும் வண்டியில் எவ்வளவு எடை இருக்கும்?" என்று கேட்டார்கள்.

இது முக்கியம். பெட்ரோல் இன்ஜினா டீசலா, முன்னால் கனமான இரும்பு பம்பர், வின்ச் உண்டா, பின்னால் தினமும் சாமான் ஏற்றுவீர்களா என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டை. நம் ஆட்கள் "எதுக்கும் இருக்கட்டும், ஸ்ட்ராங்காவே குடுங்க" என்பார்கள். வெறும் வண்டிக்குக் கனமான பட்டை போட்டால் அது வளையவே வளையாது, அடி முழுக்க சேஸிஸுக்கும் உங்கள் முதுகுக்கும் போகும். வருடத்தில் நாலு நாள் ஏற்றும் எடைக்கு வாங்காமல், மீதி நாட்களில் இருக்கும் எடைக்கு வாங்க வேண்டும். நான் முன்பக்கம் சாதாரணம், பின்பக்கம் நடுத்தரம் என்று எழுதினேன்.

நாலு பட்டைக்கட்டு, புது புஷ், புது யு போல்ட். யு போல்ட் ஒரு தடவை முறுக்கினால் இழுபட்டுவிடும், பழையதைத் திரும்பப் போடக்கூடாது. விரிசல் ஒரு பக்கம்தான் என்றாலும் மாற்றுவது ஜோடியாகத்தான். இல்லாவிட்டால் வண்டி சாய்ந்து நிற்கும். விமானத்தில் கேட்ட கூலியைப் பார்த்துவிட்டுக் கப்பல் என்றேன். மேலே 5 சதவீதச் சுங்கம். எல்லாம் சேர்த்து எங்கள் ஒரு மாத வீட்டு வாடகையைத் தாண்டிவிட்டது. என் மனைவி கணக்கைப் பார்த்தாள். "வித்துடச் சொன்னேனே" என்று சொல்லவில்லை. "நாலும் புதுசுதானே?" என்று மட்டும் கேட்டாள்.

கப்பல் வந்து சேர ஏழு வாரம். அதுவரை வண்டி வீட்டு வாசலில் நின்றது. பள்ளி விடுமுறை முடிந்துவிட்டது. மலைக்குப் போனது குளிர்காலத்தில்.

மாட்டியது அதே பெஷாவர்ப் பெரியவர்தான். அவர் செய்த ஒரு விஷயத்தை அந்தப் பையன் தன் மெக்கானிக்கிடம் கேட்டு வாங்க வேண்டும். வண்டி தூக்கி நிற்கும்போது கண்ணிலும் சாக்கிளிலும் இருக்கும் போல்ட்டுகளை முழுதாக முறுக்கக்கூடாது. கையளவு முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடையில் பட்டை உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. தூக்கியபடியே முறுக்கினால் ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். ஷாக் அப்சார்பர் நீளமும் பிரேக் ஹோஸ் நீளமும் புது உயரத்துக்குப் போதுமா என்று அன்றே பார்க்க வேண்டும். புதுப் பட்டையில் வண்டி கொஞ்சம் உயர்ந்து நிற்கும்.

நம் கீழ்த்தளத்தில் உறை போர்த்தி நிற்கும் ஜிப்ஸிக்காரர் கையைத் தூக்குகிறார். உங்கள் கவலை வேறு சார். ஜிப்ஸி 1985இல் வந்ததிலிருந்து கடைசி வரை நாலு சக்கரத்துக்கும் பட்டைதான். உங்களுக்கு வெளிநாட்டுக்கு எழுதத் தேவையில்லை, உள்ளூரிலேயே கிடைக்கும். ஆனால் அளந்துவிட்டுப் போங்கள். சமதரையில் நிறுத்தி, நாலு சக்கரத்திலும் நடு அச்சிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து பாருங்கள். இடதுக்கும் வலதுக்கும் நன்றாக வித்தியாசம் இருந்தால், உறையை எடுத்து அடியில் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. சென்டர் போல்ட் பக்கமும் கண்ணுக்குப் பக்கமும் முதலில் பாருங்கள், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

டி பிளாக் அம்மாவுக்கு ஒன்று: பட்டை மாட்டி 500 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட் நட்டுகளை ஒருமுறை திரும்ப முறுக்கச் சொல்லுங்கள். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று அழுந்தி உட்காரும்போது அவை தளரும். அளவுத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.