நேராகப் போகாத மாரிஸ்

(ஆண்டுக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ரிட்டையர் ஆகி என்னப்பா பண்றே?" என்று காலையிலிருந்து எல்லாரும் கேட்டீர்கள். ஒரு பழைய காரைப் பிரித்து மாட்டினேன் என்று சொன்னேன். "அதையே பதினஞ்சு நிமிஷம் பேசிடு" என்று செயலாளர் மைக்கைக் கொடுத்துவிட்டார். சாதனைப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மெக்கானிக்கல் பட்டதாரி மாதனூரில் எப்படி அசடு வழிந்தான் என்கிற கதை இது.

வண்டி 1937-ஆம் வருஷத்து மாரிஸ் எய்ட். நாலு சிலிண்டர், 918 சி.சி., மூன்று கியர். என் தகப்பனார் 1950-களில் ஒரு டேனரி மேனேஜரிடமிருந்து வாங்கினார். 1957-ல் என்னைப் பெறுவதற்கு அம்மா வேலூருக்குப் போனது அந்த வண்டியில்தான். பிறகு அது மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டது. கோழி முட்டை வைத்தது, பாம்பு சட்டை உரித்தது, அப்பாவும் காலமாகிவிட்டார். தம்பி பலமுறை சொன்னான்: "அண்ணா, பெங்களூர்ல ஒருத்தர் கேக்கறார், குடுத்துடலாம்." எனக்கும் அரை மனசுதான். அம்மாதான் ஒரு நாள், "ஒரு தபா அதுல ஒடுகத்தூர் போயிட்டு வந்துடணும்டா" என்றாள். ஒடுகத்தூர் அவளுக்குப் பிறந்த வீடு. வயசு எண்பத்தி எட்டு. பெங்களூர்க்காரருக்கு அன்றே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வருஷம் ஆனது. இஞ்சினை நானே பிரித்தேன். சீட்டுக்கு நம்ம ஆம்பூர்த் தோல். அந்த வாசனைக்கே தனியாக ஒரு உரை நிகழ்த்தலாம். முன் அச்சைக் கழற்றி, சுரண்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து, புது கிங்பின், புது புஷ் போட்டு மாட்டினேன். அந்த அச்சுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஒதுக்கினேன். சீட்டுக்கு மூன்று வாரம்!

முதல் ஓட்டம். தம்பி மகன் பக்கத்தில். ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. பெங்களூர் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகம் தொட்டதும் வண்டி தானாக இடது பக்கம் நகர்ந்தது. வலது பக்கம் திருப்பினேன். திருப்பியதற்கு மேலேயே போயிற்று. மறுபடி இடது. "பெரியப்பா, வண்டி குடிச்சிட்டுப் போற மாதிரி போவுது" என்றான் பையன். எதிரே தப்பான பக்கத்தில் ஒரு லாரி. எப்படி நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. அதற்கப்புறம் பத்து நிமிஷம் கை நடுக்கம் நிற்கவில்லை.

வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தால், அம்மா பட்டுப்புடவை கட்டித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். "பேட்டரி சரியில்லம்மா" என்றேன். "உங்கப்பாவும் இப்டித்தான் சொல்லுவாரு" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வண்டி நேராகப் போகவில்லை என்றால் படித்தவனுக்கு முதலில் ஞாபகம் வருவது டோ-இன். முன் சக்கரங்களின் முன்புற இடைவெளி, பின்புற இடைவெளியை விடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். கொஞ்சம் என்றால் பதினாறில் ஒரு அங்குலம், எட்டில் ஒரு அங்குலம் என்கிற கணக்கு. கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடைக்கு எடுத்துப் போனேன். கம்பி ஸ்போக் சக்கரத்தில் அவர்கள் கிளாம்ப் உட்காரவில்லை. சரி என்று ஒரு ஜி.ஐ. பைப்பில் இரண்டு முள் வைத்து நானே அளவுகோல் செய்தேன். ரிம்மில் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டு முன்பக்கம் அளந்து, வண்டியை அரைச் சுற்று உருட்டி அதே குறியைப் பின்பக்கம் கொண்டுவந்து அளக்க வேண்டும். அப்போதுதான் ரிம் கோணலாக இருந்தாலும் கணக்கில் வராது. மூன்று முறை டை ராடைத் திருகினேன். மூன்று முறையும் அளவு சரி. வண்டி மட்டும் அதே ஆட்டம்.

இந்த இடத்தில் நம் வகுப்பறையைச் சொல்லியாக வேண்டும். அக்கர்மேன் ஸ்டியரிங்கை நம் ஆசிரியர் கரும்பலகையில் வரைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூனிக் நகரத்து வண்டி செய்பவர் லாங்கன்ஸ்பெர்கர் கண்டுபிடித்தது. 1818-ல் இங்கிலாந்தில் ருடால்ஃப் அக்கர்மேன் பெயரில் காப்புரிமை ஆனது. பேர் அவருக்குப் போய்விட்டது. அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினவன் நான். திரும்பும்போது இரண்டு சக்கரமும் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். நேராகப் போகும் வண்டி ஏன் நேராகப் போகிறது என்பதை மட்டும் நான் யோசித்ததே இல்லை.

கடைசியில் ஆம்பூரிலிருந்து ஒரு பாயைக் கூட்டி வந்தேன். எழுபது தாண்டியவர். ஒரு காலத்தில் டேனரி முதலாளிகளின் கார்களையெல்லாம் பார்த்தவர். வந்தவர் ஸ்பானரையே தொடவில்லை. "தம்பி, தள்ளுங்க" என்றார். நானும் பையனும் தள்ளினோம். அவர் ஜன்னல் வழியே கையை விட்டு ஸ்டியரிங்கைக் கால் சுற்று திருப்பி விட்டார். அது நடுவுக்குத் திரும்பி வரவில்லை. மாறாக, தானாகவே இன்னும் திரும்பி ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது.

"சைக்கிள்ல கைய விட்டா இன்னா ஆவும்?"

"நேரா போகும்."

"இது ஏன் போவல?"

எனக்குப் பதில் வரவில்லை.

அதன் பிறகு அவர் பார்த்த வரிசையை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் டயர் காற்று, இரண்டு பக்கமும் சமமா என்று. பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பேரிங்கில் ஆட்டம் உண்டா என்று. அடுத்தது டை ராடைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு சக்கரமும் ஒற்றை விரலால் தள்ளினால் திரும்ப வேண்டுமாம். புது புஷ்ஷைச் சரியாக ரீமர் போடாமல் அடித்து ஏற்றியிருந்தால் கிங்பின் இறுகிக்கொள்ளும். அப்போதும் ஸ்டியரிங் திரும்பி வராது. என் இடது பக்கம் கொஞ்சம் இறுக்கம்தான். குறித்துக்கொண்டோம். ஆனால் அது மட்டும் காரணமில்லை, இறுக்கம் என்றால் இருந்த இடத்தில் நிற்கும், தானாக ஓரத்துக்கு ஓடாது என்றார். பிறகு பின் அச்சிலிருந்து முன் அச்சுக்கு இரண்டு பக்கமும் டேப் பிடித்தோம். சமம். யூ போல்ட், ஷேக்கிள் எல்லாம் சரி.

அப்புறம் படுத்துக்கொண்டு டார்ச் அடித்தார். "தம்பி, இந்த ஆப்பு எப்டி இருந்துச்சு, பிரிக்கறப்போ?"

முன் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக ஆப்பு மாதிரி சரிவான தகடு இருந்தது. நான் பெயின்ட் அடித்து அழகாக மாட்டியிருந்தேன். எந்த முனை முன்னால், எந்த முனை பின்னால் என்று குறிக்கவில்லை. செல்போனில் நானூறு படம் எடுத்திருக்கிறேன். சீட்டுத் தையல் மட்டும் அறுபது படம். முன் அச்சுக்கு ஒரே ஒரு படம், அதிலும் ஆப்பு இருக்கும் இடத்தில் மண் அப்பியிருக்கிறது.

பாய் கொட்டகை மூலையில் கிடந்த கைவண்டியைக் காட்டினார். தோல் கட்டு ஏற்ற டேனரியில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. தள்ளினால் அதன் சின்னச் சக்கரம் சுழன்று பின்னால் போய் நின்றுகொள்ளும். இழுக்கும் புள்ளி முன்னால், சக்கரம் தரையைத் தொடும் இடம் பின்னால். காரிலும் அதுதான். கிங்பின்னின் மேல்முனை பின்னால் சாய்ந்திருந்தால் அதன் கோடு டயர் தொடும் இடத்துக்கு முன்னால் தரையில் இறங்கும். சக்கரம் பின்தொடர்ந்து வரும், நேராகும். இதுதான் கேஸ்டர். முன்னால் சாய்ந்தால் அந்தக் கைவண்டிச் சக்கரத்தைத் தலைகீழாகத் தள்ளுவது போல. எந்தப் பக்கமாவது சுழன்றுவிடப் பார்க்கும்.

எங்கள் வண்டியில் பட்டை மேலே, அச்சு கீழே. ஆகவே ஆப்பின் தடித்த முனை பின்பக்கம் இருந்தால்தான் அச்சு பின்னால் சாயும். நான் இரண்டையும் முன்பக்கம் வைத்திருந்தேன். ஒன்றை மட்டும் தப்பாக வைத்திருந்தால் ஒரு பக்கமாக இழுத்திருக்கும், சந்தேகம் வந்திருக்கும். இரண்டும் ஒரே மாதிரி தப்பு, அதனால் அளவெல்லாம் சமமாகவே வந்தது. ஆப்பு 2 டிகிரி. திருப்பி வைத்ததில் வித்தியாசம் 4 டிகிரி. செல்போனில் மட்டம் பார்க்கும் வசதியை வைத்துப் பிறகு அளந்தேன்: முன்னால் 1 டிகிரி சாய்ந்திருந்த கிங்பின், பின்னால் 3 டிகிரி சாய்ந்தது. டிப்ளமோ கூட இல்லாத பாய் டார்ச் லைட்டில் கண்டுபிடித்ததை டிகிரியில் சொன்னது மட்டும்தான் என் பங்கு.

இடது கிங்பின் புஷ்ஷை ரீமர் போட்டுச் சரி செய்தோம். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியில் நிறுத்தி, சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்த்தோம். ஸ்டியரிங் பெட்டியின் நடு இடத்தில்தான் ஆட்டம் குறைவு. நேராக ஓடும்போது வண்டி அந்த இடத்தில் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான், கட்டக் கடைசியில், டோ-இன். நான் மூன்று முறை முதலில் செய்தது!

அதன் பிறகும் அம்மாவை ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வாரம் விடியற்காலையில் தனியாக ஓட்டினேன். ஒடுகத்தூர் ரோட்டில் ஆள் இல்லாத இடத்தில் கையை எடுத்துப் பார்த்தேன். போயிற்று, நேராக. மறுபடி ஓட்டினேன். தம்பி பார்த்துவிட்டு, "இன்னும் எத்தினி நாள்ணா பேட்டரி சார்ஜ் ஆவும்?" என்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். நான் ஓட்ட, அம்மா முன்னால், தம்பி பின்னால். நாற்பதுக்கு மேல் போகவில்லை. ஒரு பஸ், இரண்டு டிராக்டர், கணக்கில்லாத டூ வீலர் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. அம்மா வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. புதுத் தோல் சீட்டைத் தடவிக்கொண்டே வந்தாள். ஊர் எல்லை வந்ததும், "அப்பாவுக்கு இவ்ளோ மெதுவா ஓட்டத் தெரியாது" என்றாள். பாராட்டா, குறையா என்று தம்பியிடம் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வண்டியை இங்கேயே ஓட்டி வந்திருக்கிறேன், சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வேப்ப மரத்தடியில் நிற்கிறது. டீ குடித்துவிட்டு வாருங்கள். கீழே படுத்து ஆப்பைப் பார்க்க விரும்புகிறவர்களுக்காகக் கோணியும் டார்ச்சும் வைத்திருக்கிறேன். ஹாரனை மட்டும் அடிக்க வேண்டாம், அது இன்னும் சரியாகவில்லை, அடித்தால் நிற்காது.