கையில் இருக்கும் தொழிலுக்குக் காகிதமும் வேண்டும்

(எமது சங்கத்தின் தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி மற்றத் தோழர்கள் பேசிவிட்டார்கள். நான் படிப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். பிள்ளைகளின் படிப்பு அல்ல, உங்களுடைய படிப்பு.

நர்சரியில் வேலை செய்த அக்காமார் இங்கே இருக்கிறீர்கள். தாய்ச் செடியில் எந்தக் கிளையை எடுக்கலாம், எது முற்றிப் போனது என்று பார்த்தவுடனே சொல்வீர்கள். ஒரு இலை, ஒரு கணு விட்டுச் சாய்வாக வெட்டுவீர்கள். பொலித்தீன் உறையில் மண் நிரப்பி, நட்டு, மூடி, நிழல் கட்டி, ஒன்பது மாதம், ஒரு வருசம் பிள்ளையைப் போல் பார்த்து மலைக்கு அனுப்புவீர்கள். கவ்வாத்து வெட்டும் அண்ணன்மார் எந்த வாதை விடுவது, எதை எடுப்பது என்று யாரிடமும் கேட்பதில்லை. பங்களாவில் பூந்தோட்டம் பார்த்தவர்களும் இருக்கிறீர்கள்.

இந்த வேலைக்கு வெளியே ஒரு பெயர் இருக்கிறது: தோட்டக்கலை. அதைப் படித்தவருக்குச் சான்றிதழ் இருக்கிறது, பதவி இருக்கிறது. இருபது வருசம் செய்த உங்களுக்கு இருப்பது செக்ரோலில் ஒரு பேர் மட்டும்தான்.

என்னிடம் படித்த ஒரு தம்பி கொழும்பில் ஒரு ஹோட்டலுக்குத் தோட்ட வேலை கேட்டுப் போனான். சின்ன வயதிலிருந்தே தாயோடு நர்சரியில் நின்றவன். "சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை. கூட்டித் துடைக்கும் வேலைக்கு எடுத்தார்கள். அங்கே செடி வாடினால் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். சம்பளம் மட்டும் துடைப்பவரின் சம்பளம். இந்த அநியாயத்துக்கு நாம் பதில் தேட வேண்டும்.

தேசிய தொழிற் தகைமை, என்.வி.கியூ. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஏழு மட்டங்கள் கொண்டது. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் இது நடக்கிறது. நாற்றுமேடை வேலைக்கும், நிலத்தை அழகுபடுத்தும் வேலைக்கும் இதில் இடம் உண்டு.

இதை வாங்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வகுப்புக்குப் போய்ப் படிப்பது. வேலை செய்பவர்கள் பகுதிநேர வகுப்பைத் தேட வேண்டும். மற்றது முன்கற்றலை அங்கீகரித்தல். அனுபவம் உள்ளவர் முழுப் பாடநெறியும் படிக்கத் தேவையில்லை. மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், வேலை செய்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். அங்கே முதல் கேள்வி "ஓ.எல். பாஸா?" என்பதல்ல, "செய்யத் தெரியுமா?" என்பதுதான்.

அப்படியானால் படிப்பு எதற்கு? நம் கைக்குத் தெரிந்ததற்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு உதாரணம் சொல்கிறேன். தேயிலைக்குப் புளிப்பான மண் வேண்டும், பி.எச். அளவில் 4.5 முதல் 5.5 வரை. லீக்ஸ், கரட், கோவாவுக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். லயத்துக்குப் பின்னால் தேயிலை மண்ணில் கோவா போட்டு, எவ்வளவு உரம் கொட்டியும் வரவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். குறை உரத்தில் இல்லாமல் புளிப்பில் இருக்கலாம். மண்ணைப் பரிசோதித்து, அளவாக டொலமைட் போட வேண்டும். கவ்வாத்து மலைக்கு டொலமைட் போட்ட கைகள்தான் நம்முடையவை. ஏன் போடுகிறோம் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

சிலர் கேட்கிறீர்கள்: "சான்றிதழ் வாங்கினால் தோட்டத்தில் சம்பளம் கூடுமா?" உண்மையைச் சொல்கிறேன். தானாகக் கூடாது. கொழுந்துக்கான சம்பளத்தை யாரும் சான்றிதழ் பார்த்துப் போடுவதில்லை. ஆனால் ஹோட்டல், நகரசபைப் பூங்கா, தனியார் நர்சரி, வெளிநாட்டு வேலை எல்லாவற்றிலும் காகிதம் கேட்கிறார்கள். சொந்தமாக ஒரு நர்சரி போட நினைப்பவருக்கும் அது உதவும்.

"பிள்ளைகள் எல்லாம் வெளியே போய்விடுவார்களே" என்று பெரியவர்கள் கவலைப்படுகிறீர்கள். அவர்கள் இப்போதும் போகிறார்கள், ஐயா. கடைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள். வெறுங்கையோடு போகிறார்களா, தொழிலாளி என்ற தகுதியோடு போகிறார்களா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. ஆறு நாள் மலைக்குப் போகும் பெண்ணுக்கு மிச்சம் ஞாயிறு மட்டும்தான். அன்றுதான் துணி, விறகு, கோயில் எல்லாம். பிள்ளைக்காம்பராவும் மூடியிருக்கும். அக்கா வகுப்புக்குப் போக வேண்டுமானால் அண்ணன் அடுப்பைப் பார்க்க வேண்டும். இதைத் துரையிடம் கேட்க முடியாது, வீட்டுக்குள்தான் தீர்க்க வேண்டும்.

துரைமாரிடம் கேட்க வேண்டியவை வேறு. எத்தனை வருசம், என்ன வேலை என்று தெளிவாக எழுதிய சேவைக் கடிதம் தர வேண்டும். "லேபரர்" என்று ஒரே சொல்லில் முடிக்கக் கூடாது. நர்சரி, கவ்வாத்து என்று வேலையின் பெயர் இருக்க வேண்டும். மதிப்பீட்டுக்குப் போகும் நாளுக்குப் பேர் போட வேண்டும். நர்சரிக்கும் பூந்தோட்டத்துக்கும் ஆள் எடுக்கும்போது சான்றிதழ் உள்ள தோட்டத்து ஆளை முதலில் எடுத்து, அதற்கேற்ற சம்பளம் கொடுக்க வேண்டும். அரசாங்கத்திடம் கேட்பது ஒன்று: வகுப்பும் மதிப்பீடும் மலையகத்தில், தமிழில் நடக்க வேண்டும். தெரிந்த வேலையை மொழி தெரியாத காரணத்தால் தோற்கக் கூடாது.

தலைவர்மாரே, தலைவிமாரே, இந்த மாதம் உங்கள் தோட்டத்தில் நர்சரி, கவ்வாத்து, பூந்தோட்ட வேலை தெரிந்தவர்களின் பெயரை எழுதுங்கள். அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் முத்தம்மா, மற்றதில் முத்தம்மாள் என்று இருந்தால் இப்போதே திருத்த எழுதிக் கொடுக்க வேண்டும். மனு எழுதும் வேலையை நானும் மற்ற ஆசிரியர்களும் செய்கிறோம். பெயர்ப் பட்டியல் அடுத்த கூட்டத்துக்கு வர வேண்டும். எந்தத் தோட்டமும் வெறுங்கையோடு வரக் கூடாது.