நோட்டில் பெயர் இருந்தால்தான்



யாருக்குத் தவணை தட்டும் என்று குழு நோட்டைப் புரட்டினாலே நமக்குத் தெரியும் இல்லையா? கம்ப்யூட்டரும் அப்படித்தான் கத்துக்குது. ஆயிரக்கணக்கான பேரோட வயசு, பிரஷர், சர்க்கரை, பின்னால் அவங்களுக்கு வந்த நோய் எல்லாத்தையும் பார்த்து, இன்னும் பத்து வருஷத்தில் யாருக்கு மாரடைப்பு வரலாம் என்று கணிக்கிறது. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948லேயே 5,209 பேரை எழுதி வைக்க ஆரம்பிச்சாங்க. ஆனா அவங்க உடம்புக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. நம்ம பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர் ஆனாலே கவனிக்கணும்.

எனக்கு 88. அம்மாவுக்குச் சர்க்கரை. இருந்தும், மக்களைத் தேடி மருத்துவத்தில் வந்த அக்காவை, "அடுப்பில் வேலை கிடக்கு" என்று ரெண்டு தடவை திருப்பி அனுப்பினேன். மூணாவது தடவை விடலை. பிரஷர் 160க்கு 100! நோட்டில் ஏறாத பெயரை எந்தக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும்?

இப்ப மாத்திரை போடுறேன். சேமிப்பு கட்டுற அன்னிக்கு எங்க குழுவில் தையல் டேப்பும் வந்துடும்.